பன்னிரண்டாவது துளி

"விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்கம்மா. வெளிச்சம் இலைமேல விழணும், என் மூஞ்சிமேல இல்ல."

அவள் தாழ்த்தினாள். கை நடுங்குகிறதே என்று இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, விளக்கு அசையக் கூடாது என்ற அக்கறை போலத் தெரியும். தெரியட்டும். இருபத்தேழு வருஷமாக இந்த அருங்காட்சியகத்தில் பழைய படங்களுக்குப் பழுது பார்க்கிறவள், மயிரிழை அகலக் கீறலைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடிவிடுகிறவள், ஒரு மேசை விளக்கைப் பிடிக்க முடியாமல் திண்டாடுகிறாள் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

படத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தது நிபுணர் அம்மாள். எழுபது வயசு. கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, நாக்கில் ஒரு ரம்பம். நேற்றுக் காலை இரண்டு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்து இறங்கியதிலிருந்து, காப்பி ஆறிப்போச்சு, கதவு கிறீச்சிடுது, ஏணி ஆடுது என்று இந்தக் கட்டடத்தில் குறை சொல்லாத இடமில்லை. ஆனால் பழைய டச்சுப் பூப்படங்கள் விஷயத்தில் அவர் ஆமாம் என்றால் உலகமே ஆமாம் என்னும். இல்லை என்றால் அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

சட்டத்திலிருந்து கழற்றப்பட்டுப் படம் தாங்கியில் நின்றது. ஒரு மடக்கு நாற்காலியின் முதுகளவு மரப்பலகை. அதில் ஒரு கண்ணாடி ஜாடி, ஜாடி கொள்ளாமல் பூக்கள். கோடு போட்ட டூலிப், சரிந்து தொங்கும் ரோஜா, நீல ஐரிஸ், கல் விளிம்பில் உதிர்ந்த ஓர் இதழ், அதன்மேல் ஒரு கம்பளிப்புழு. ஒரே மாதத்தில் பூக்கவே பூக்காத பூக்களையெல்லாம் ஒரே ஜாடியில் திணித்து வைத்திருந்தார் அந்த டச்சுக்காரர். முந்நூற்றைம்பது வருஷம் ஆகியும் ஒன்றுகூட வாடவில்லை. ஜாடிக்குக் கீழே இடது பக்கம் ஓர் இலை வளைந்து தொங்கியது. அந்த இலையின்மேல் ஒரு தண்ணீர்த் துளி. கடலைப் பருப்பளவுதான். அதற்குள் ஒரு ஜன்னல், ஜன்னலில் நாலு கண்ணாடி, வலது பக்கக் கீழ்க் கண்ணாடியில் ஊசிமுனைப் புள்ளியாக யாரோ ஓர் ஆள்.

நிபுணர் அம்மாள் அந்தத் துளியைத்தான் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தவர்தான் இந்தப் படங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். அவளுடைய புருஷன். ஆபீஸில் எல்லோரையும் போல அவளும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால்தான் 'என்னங்க'. மற்றவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் வேறு. துளி சார்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பூப்படங்கள் வரைந்த டச்சுக்காரர்களில் ஒருவர் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பெண்டாட்டி பிள்ளை உண்டா என்றும் தெரியாது. அவர் வரைந்ததாக உலகம் ஒத்துக்கொண்ட படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் கீழ் இலையில் ஒரு துளி, துளிக்குள் ஒரு ஜன்னல். அதனால் அவருக்குத் துளி ஓவியர் என்றே பெயர் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது எங்களிடம் இருக்கிறது என்று நம் சார் இருபத்தேழு வருஷமாகக் கரடியாய்க் கத்தினார். கட்டுரை எழுதினார், கடிதம் எழுதினார், மாநாட்டில் எழுந்து நின்று பேசினார், மூக்குடைபட்டுத் திரும்பினார். சிற்றுண்டிச் சாலையில் பயல்கள், "சார், என் டம்ளர்ல ஒரு துளி இருக்கு, யாரோடதுன்னு வந்து சொல்லுங்க" என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

கடைசியில், அவர் ஓய்வு பெற மூன்றே மாசம் இருக்கும்போது, நிபுணர் அம்மாள் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். அடுத்த வருஷம் துளி ஓவியரின் படங்களையெல்லாம் ஒரே கூரையின் கீழே சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி. அதில் இந்தப் படம் இருக்குமா இருக்காதா என்பது இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இருபத்தேழு வருஷம் ஒரு மனுஷன் சொன்னது உண்மையா, உளறலா என்பதும்.

நிபுணர் அம்மாள் நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு.

"அப்பழுக்கு இல்ல. புற ஊதா விளக்குல பாத்தேன், ஒட்டுப் போட்ட தடம் இல்ல. வார்னிஷ் ஒரே சீரா மின்னுது. மத்த பதினொண்ணுலயும் தேய்ச்சுத் தேய்ச்சே துளியப் பாழாக்கி வெச்சிருக்கானுங்க. இது நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கு."

சார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு துடித்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்றால் அது நேற்று வரைந்ததுதான். நேற்று என்றால் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். வரைந்தவள் இதோ, விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயசு. வேலையில் சேர்ந்து மூன்றாவது மாசம். இந்தப் படம் கிடங்கிலிருந்து அழுக்கும் பிசுக்குமாக மேலே வந்தது. கீழ் இலையில் சாயம் பொரிந்து உதிர்ந்து, கடலைப் பருப்பளவுக்கு மரம் தெரிந்தது. உதிர்ந்த இடத்தின் ஓரத்தில் மட்டும், வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு வெள்ளை வளைகோடு மிச்சமிருந்தது. சுண்ணாம்புப் பசை வைத்து நிரப்பு, சுற்றியுள்ள பச்சைக்கு ஒத்துப்போகிற மாதிரி நிறம் கொடு, நிறுத்து. அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். இல்லாததை உண்டாக்காதே. அவளும் நிரப்பினாள், பச்சை கொடுத்தாள், பதிவேட்டில் எழுதினாள். 'கீழ் இலையில் கடலையளவு சேதம். நிரப்பி நிறம் ஒப்பிடப்பட்டது.' அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதிருந்த தலைமைப் பழுதுபார்ப்பாளர் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். அலமாரியில் ஒரு தடிமனான புத்தகம். அதில் துளி ஓவியரின் படம் ஒன்று, ஒரு முழுப் பக்கத்துக்குத் துளி மட்டும் பெரிசாக, புள்ளி ஆளோடு. இதை என்னால் போட முடியுமா என்று ஒரு நினைப்பு. திமிர்தான், வேறென்ன. மூன்று முடி உள்ள தூரிகையை எடுத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போட்டாள். வெடிப்புக் கோடுகளைக்கூட ஊசியால் கீறினாள். தலைவர் வந்ததும் காட்டிச் சிரித்துவிட்டு, அவர் திட்டுகிற திட்டை வாங்கிக்கொண்டு, அழித்துவிடலாம் என்று எண்ணம். தலைவர் வந்தார், கண்ணாடியை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார், "முடிஞ்சுதா? சரி" என்று படம் முழுக்க வார்னிஷ் பூசிவிட்டார். அவள் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு புதுப் பொறுப்பாளர் வந்தார். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் இந்த அறைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நீங்க இதப் பாத்தீங்களா? இந்த இலைமேல! ஒருத்தருமே இதப் பாக்கலயா?" என்றார். அவள் சொல்லிவிடத்தான் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் ஒரு மனுஷ முகத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளைக்கும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும். துளியைப் பற்றிப் பேச வந்தவர் மெல்ல மெல்ல வேறெல்லாம் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சொல்ல முயன்றாள், முதல் கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. மகள் பிறந்த வருஷம் இன்னொரு முறை, அன்றைக்குத்தான் அவர் மாநாட்டிலிருந்து அவமானப்பட்டு வந்து குப்புறப் படுத்திருந்தார். இப்படியே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று. பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கிறேன், அவ்வளவுதானே என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள்.

இன்றைக்கு அது ஓடவில்லை.

"உங்க படத்துனால இன்னொரு காரியமும் ஆச்சு" என்று நிபுணர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ளி ஆளு இருக்கானே, பதினொண்ணுல ஒண்ணே ஒண்ணுலதான் தெரியறான், வலது பக்கம். மத்ததுல தேஞ்சுபோச்சு. வேற ஒரு மியூசியத்துல ஒரு படம் இருக்கு, அதுவும் துளி ஓவியரோடதுன்னு அங்க ஒருத்தி பல வருஷமா உயிர விட்டுட்டிருக்கா. அதுல ஆளு இடது பக்கம் நிக்கறான். ஒரு படத்த மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாம இருந்தேன். இப்ப உங்களோடதும் வலது. ரெண்டு சாட்சி ஆயாச்சு. அந்தப் பொம்பளைக்கு இல்லன்னு எழுதிப் போட்டுடுவேன்."

சார் சிரித்தார். "அவங்களுக்கு நம்ம மேல கோவம் வரப்போவுது."

"வரட்டும். சாப்பிட்டுட்டு வரேன். ரெண்டு மணிக்கு உக்காந்து எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அருங்காட்சியக இயக்குநர் வந்து நிபுணர் அம்மாளைச் சாப்பிட அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் விளக்கை அணைத்தாள். காதில் ஒரே ஒரு வார்த்தைதான் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி. எங்கேயோ ஒரு கட்டடத்தில், எண்ணெய் வைத்த தலையோ வைக்காத தலையோ, ஒருத்தி. அவள் படம் உண்மையாகவே இருக்கலாம். அதை, அந்த வலது பக்க ஆளையே புத்தகத்தில் பார்த்துப் போட்ட இவளுடைய இருபத்துமூன்று வயசுத் திமிர் போய் அடித்துச் சாய்க்கப் போகிறது. புருஷனுக்காக வாயை மூடிக்கொண்டாள், சரி. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் அடிமடியில் கை வைப்பதற்கு எப்படி மூடிக்கொள்வது?

சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் செய்தி அனுப்பியிருந்தாள். "அப்பாவோட துளி பாஸா ஃபெயிலான்னு கேக்கறா. என்ன பதில் போட? கையெழுத்து ஆனப்புறம் சொல்லலாம், இல்ல? கண்ணு படும்."

"என்னங்க."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இந்தக் கட்டடத்துக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"என்ன, தலை சுத்துதா? காலையிலேந்து ஒரு மாதிரியாவே இருக்கே."

"அந்தத் துளி நான் போட்டது."

"எது?"

"படத்துல இருக்கறது. நான்தான் வரைஞ்சேன். நீங்க இங்க வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

அவர் சிரித்தார். "விளையாடறதுக்கு நல்ல நாள் பாத்தே போ."

அவள் அலமாரியிலிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். அதன் பக்கத்தில் பழைய பதிவேட்டை வைத்தாள். புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் இன்னும் ஒரு பச்சைக் கறை, அவளுடைய கட்டைவிரல் பட்டது. அவர் புத்தகத்தைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். கீழ் இலையில் கடலையளவு சேதம். இந்த வரியை அவர் நூறு தடவை படித்திருப்பார். தன் கட்டுரையிலேயே மேற்கோள் காட்டியிருக்கிறார்.

"இது வேற இலை" என்றார். "வலது பக்கம் ஒரு கீழ் இலை இருக்கே. அதுன்னுதானே..."

"அதுல சேதமே இல்ல. நீங்க போய்ப் பாக்கவே இல்லயா?"

பார்க்கவில்லை. துளி இருக்கிற இலையில் சேதம் இருந்திருக்க முடியாது, ஆகவே அது வேறு இலை. இருபத்தேழு வருஷம் அப்படியே நம்பியிருக்கிறார். படித்த மனுஷன், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர், பக்கத்து இலையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, அதை ஒரு குத்துக் குத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"இருபத்தேழு வருஷம் வாயத் தொறக்கல. இன்னும் ரெண்டு மணி நேரம் தொறக்காம இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

"அந்த இன்னொரு படம்... அங்க ஒருத்தி..."

"அவ எக்கேடோ கெட்டுப் போறா!" என்று கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதில்லை. அவருக்கே அது புதுசாக இருந்திருக்க வேண்டும், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மூணு மாசம்தாம்மா இருக்கு. அப்புறம் நான் யாரு? ஒண்ணுமில்ல. டம்ளர்ல துளி தேடின பைத்தியக்காரன். அதான் வேணுமா உனக்கு?"

"எனக்கு எதுவும் வேணாங்க."

"உன் இஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய மனுஷன் மாதிரி நடிக்க எனக்குத் தெம்பில்ல. சொல்லாதேன்னுதான் சொல்றேன். கேட்டுக்கோ."

எழுந்து போய்விட்டார். நடையில் அவர் செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவள் தன் டப்பாவைத் திறக்கவே இல்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து துளியைப் பார்த்தாள். நன்றாகத்தான் போட்டிருந்தாள், அதை மறுப்பதற்கில்லை. சனியன், கொஞ்சம் மோசமாகப் போட்டிருக்கக் கூடாதா?

சரியாக இரண்டு மணிக்கு நிபுணர் அம்மாள் வந்தார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்ற புகாரோடு. பின்னாலேயே சாரும் வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை. நிபுணர் அம்மாள் மேசையில் தாளை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, முதல் வரியை எழுதினார். இரண்டாவது வரியை எழுதினார். பேனா தாளில் உராய்கிற சத்தம் அவள் முதுகுத்தண்டில் கேட்டது. இப்போது விட்டால் அப்புறம் இல்லை.

"மேடம், அந்தத் துளி என் கை."

பேனா நின்றது.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல போட்டது. பதிவேட்டுல நிரப்பி நிறம் கொடுத்தேன்னு மட்டும் எழுதினேன். மேல வார்னிஷ் பூசினதால உங்க விளக்குல தெரியல."

நிபுணர் அம்மாள் ஒரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"நீங்களா? அம்மா, நாப்பது வருஷமா இந்தக் கையப் பாத்துட்டு வரேன். நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வேன். அந்த ஆளு நிக்கற தோரணையப் பாத்தீங்களா? அத எவளும் உக்காந்து போட முடியாது. வயசான காலத்துல உங்களுக்கு ஏதோ குழப்பம்."

வயசான காலமாம். இவருக்கு எழுபது, அவளுக்கு ஐம்பது. அவளுக்கு அந்த நேரத்திலும் சுருக்கென்றது. இருபத்தேழு வருஷத்தில் அவள் வேலைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான், அதையும் இப்படி வாங்க வேண்டியிருக்கிறது.

"சார், உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

சார் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கண்ணில் ஓர் ஆசை எட்டிப் பார்த்ததை அவள் கவனித்தாள். நிபுணரே சொல்கிறாரே. இவள் குழம்பியிருக்கலாமே. ஆமாம் மேடம், கொஞ்ச நாளா இப்படித்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

"தொடச்சுப் பாத்துடலாம்" என்றாள் அவள். "வார்னிஷ் கரைக்கற திரவம்தான். முந்நூறு வருஷத்துச் சாயம்னா அசையாது. என்னோடதுன்னா வந்துடும்."

"துளி மேலயா? யாராவது பொறுப்பாளர் அதுக்குச் சம்மதிப்பாரா?" என்றார் நிபுணர் அம்மாள்.

அதுதான் விதி. எந்தப் படத்தின்மேலும் ஒரு சொட்டுத் திரவம் படுவதற்கு முன்னால் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இழுப்பறையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து, படத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, அவருக்கு முன்னால் வைத்தாள். இதற்கு முன்னால் இப்படி ஐந்நூறு படிவம் வைத்திருப்பாள்.

அவர் உட்கார்ந்தார். எப்போதும் போல முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். பேனாவை எடுத்தவர், தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு நான் ஓடி வந்தேனே. மனசுக்குள்ள சிரிச்சியா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு.

"சிரிச்சேன்" என்றாள். "உங்க முகத்தப் பாக்கற வரைக்கும்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

அவள் குச்சி நுனியில் பஞ்சைச் சுருட்டினாள், திரவத்தில் தோய்த்தாள், ஒற்றுத்தாளில் ஒற்றினாள். இப்போது கை நடுங்கவில்லை. பஞ்சை இலைமேல் வைத்து மெல்ல உருட்டியபோது அவளுக்கே ஒரு விபரீதமான வேண்டுதல். வராதே. கரையாதே. நான்தான் பைத்தியம், நீ அந்த டச்சுக்காரனோடதாகவே இருந்துவிடு. முதல் பஞ்சில் மஞ்சள். வெறும் வார்னிஷ். சார் மூச்சுவிடுகிற சத்தம் காதோரம் கேட்டது. இரண்டாவதிலும் மஞ்சள். "பாத்தீங்களா?" என்றார் நிபுணர் அம்மாள். மூன்றாவது பஞ்சை உருட்டினாள். ஓரத்தில் ஒரு துளி வெள்ளை. அப்புறம் பச்சை. புள்ளி ஆள் ஜன்னலில் வழிந்தான், ஜன்னல் துளிக்குள் வழிந்தது, பத்தே நொடி, இலைமேல் ஒன்றுமில்லை. கடலையளவு சுண்ணாம்பு வெள்ளை.

நிபுணர் அம்மாள் இரண்டு மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார். திடீரென்று ரொம்பக் கிழவியாகத் தெரிந்தார்.

"நல்லாப் போட்டிருக்கீங்கம்மா" என்றார். "நாசமாப் போக."

எழுதிய இரண்டு வரியையும் நிதானமாக அடித்தார். பிறகு எழுந்து வந்து பூதக்கண்ணாடியை வெள்ளையின் ஓரத்தில் வைத்தார். அந்த நகக்கீற்று வளைகோடு அப்படியே இருந்தது. திரவம் அதைத் தொடவே இல்லை. வெகுநேரம் பார்த்தார். "இது அவன் காலத்துச் சாயம். இலை நரம்பாவும் இருக்கலாம். உதிர்ந்துபோன துளியோட விளிம்பாவும் இருக்கலாம். எனக்கு இன்னிக்குச் சொல்லத் தெரியல. நேத்து வரைக்கும் தெரியும்னு நெனச்சிருந்தேன்." அந்த இன்னொரு படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார், "அவளுக்கும் ஒண்ணும் எழுத முடியாது இப்ப." பெட்டியைத் திறந்து கருவிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

படத்திலிருந்து மாதிரி எடுத்தால் அதைப் பாதுகாக்க வேண்டும். அதுவும் விதி. அவள் மூன்றாவது பஞ்சைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, எழுதாத சீட்டு ஒன்றோடு மேசைமேல் வைத்தாள். சீட்டு எழுதுவது பொறுப்பாளர் வேலை. அவர் எழுதமாட்டார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படத்தின் எண், எழுதினார். எடுத்த இடம், கீழ் இலை, இடது. இந்த முறை சரியான இலை. தேதி. அடுத்த வரி ஓவியர். பேனா அந்த வரிக்கு மேல் அசையாமல் நின்றது. போன் மேசையில் இருமுறை அதிர்ந்து அடங்கியது, மகளாகத்தான் இருக்கும். அவர் அதை எடுக்கவில்லை. குனிந்து, குண்டு குண்டான எழுத்தில், அவள் பெயரை எழுதினார்.

தலைகீழாகவே அவள் அதைப் படித்தாள். பெயருக்கு முன்னால் அவர் போட்ட இனிஷியல் அவருடையது இல்லை. அவள் அப்பாவுடையது. சம்பளச் சீட்டிலும் வீட்டுக் கதவிலும் மகளின் சான்றிதழிலும் இருபத்தைந்து வருஷமாக இல்லாத எழுத்து. வரைந்தபோது அவளுக்கு அந்தப் பெயர்தான். பொறுப்பாளர் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும், வரைந்த காலத்துப் பெயரை. அதற்காக எழுதினாரா, இல்லை வேறு எதற்காகவோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அடுத்த வரியில் வருஷத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து, பசை தடவி, சீட்டைக் குழாயைச் சுற்றி ஒட்டினார். ஒரு மூலை ஒட்டாமல் எழும்பியது. கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடி எழும்பியது. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.